பதின்மூன்றாவது பெட்டி

கோவில்பட்டி
10.02.2025

மகள் ஐஸ்வர்யாவுக்கு அப்பா பெருமாள்சாமி எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். பெங்களூரில் உன் நலத்தை உன் அம்மா வாயிலாக அவ்வப்போது தெரிந்துகொள்கிறேன்.

போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நம் கம்ப்யூட்டர் சென்டரில் நீ மூலையில் வைத்துவிட்டுப் போன பதின்மூன்றாவது பெட்டி என் உயிரை வாங்குகிறது.

பன்னிரண்டு லினக்ஸ் கம்ப்யூட்டரும் தனித்தனியாக இன்டர்நெட்டிலிருந்து சாஃப்ட்வேரை இறக்கினால் நம் லைன் தாங்காது, இந்த ஒரு பெட்டி ராத்திரியில் எல்லாவற்றையும் இறக்கி வைக்கும், மற்றவை காலையில் இதனிடம் வாங்கிக்கொள்ளும் என்றாய். தெருவுக்கு ஒரு லாரித் தண்ணீர் வந்தால் வீட்டுக்கு வீடு குடத்தில் பிடிப்பதைப் போல என்றாய். மிரர் என்று பெயரும் சொன்னாய். இப்போது லாரியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

இருபத்தோராம் தேதி இங்கே தேர்வு. நாற்பத்தாறு பிள்ளைகள், பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள். தேர்வுக்கான புது சாஃப்ட்வேரை ஏற்றப் போனால், எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கின்றன. பாடம் நடத்தும் அருண்பாண்டியன் நேராக இன்டர்நெட்டில் இறக்கிப் பார்த்தான். ஒரு கம்ப்யூட்டருக்கே காலை முழுக்க ஓடி, பாதியில் அறுந்துவிட்டது. பதினெட்டாம் தேதிக்குள் தயாராகாவிட்டால் தேர்வைத் தூத்துக்குடிக்கு மாற்றிவிடுவார்களாம். வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் எத்தனை பிள்ளைகள் போவார்கள்?

உன்னைத்தான் திட்டித் தீர்த்தேன். அரைகுறையாகச் செய்து வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அருண்பாண்டியன்தான் முந்தாநாள் பிடித்துக் கேட்டான். அண்ணாச்சி, அது ராத்திரியில்லா இறக்கும், நீங்க பூட்டிட்டுப் போகும்போது மெயினை அமத்திருதீய, பொறவு அது என்னத்த இறக்கும் என்றான்.

முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியவன் நான். மெயினை அணைக்காமல் பூட்டிவிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அது தெரிந்துதான், அணைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தாய். நீ அந்தப் பிரின்ஸ்டனைக் கட்டிக்கொண்டு போன அன்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். எட்டு மாதமாகப் பெட்டி ராத்திரியெல்லாம் செத்துக் கிடந்திருக்கிறது. தப்பு என்னுடையதுதான். இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

நேற்று மெயினை அணைக்காமல் வந்தேன். பலனில்லை. தினமும் கரண்டை வெடுக்கென்று நிறுத்தியதில் உள்ளே ஏதோ கெட்டுவிட்டதாம். கறுப்புத் திரையில் உன் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அது மட்டும் கிடைத்தால் சரிசெய்துவிடலாம் என்கிறான் அருண்பாண்டியன். அவகிட்ட ஒரு போனைப் போட்டுக் கேளுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீய என்று உன் அம்மா நச்சரிக்கிறாள்.

நான் கேட்க மாட்டேன். நீயும் அதை அருண்பாண்டியனிடம் போனில் சொல்லிவிடாதே. எழுதியும் அனுப்பாதே. பதினெட்டாம் தேதிக்குள் நேரில் வந்து, உன் கையால் அடித்துக் கொடு. மாப்பிள்ளைக்கும் சேர்த்து டிக்கெட் போடு. எந்த ரயில் என்று மட்டும் அம்மாவிடம் சொல், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
பெருமாள்சாமி