பாலம் தாண்டி நடந்த நாள்

அன்புத் தோழிக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஒக்லாந்தில், மகள் வீடிருக்கும் பிளாட் புஷ்ஷில் நல்ல வெயில். வேலைக்குப் போகுமுன் மகள் ஈர உடுப்புகளைக் கூடையில் வைத்து, "அம்மா, இதை ஒருக்காக் காயப்போட்டு விடுங்கோ" என்றாள். கொடியடிக்குப் போனேன். சவர்க்கார வாசம் மூக்கில் ஏறியதும் கை எழவில்லை. நீங்கள் போய்விட்ட செய்தி வந்து இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை.

என் கணவருக்கு உங்கள் ஸ்கொட்லாந்துத் தீவுக் கிராமத்தில் டொக்டர் வேலை கிடைத்து நாங்கள் அந்தத் தீவுக்கு வந்த முதல் ஞாயிறு. அவருடைய சட்டைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகத் தேவாலயத்துக்குப் புறப்பட்ட நீங்கள் வேலியருகே நின்றீர்கள். "மழை வரப்போகிறது. எடுத்துவிடுவோமா?" என்றீர்கள். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. இருந்தும் இருவருமாக எடுத்தோம். ஓய்வுநாளில் அந்த ஊரில் யாரும் உடுப்புக் காயப்போடுவதில்லை என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். நீங்கள் கடைசிவரை அதை மழை என்றே சொன்னீர்கள்.

வசந்தத்தில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டப் போகும்போது என்னையும் கூட்டிப்போவீர்கள். சரிவெங்கும் கூரையில்லாத கற்சுவர்கள். "எங்கள் ஆட்கள் இருந்த வீடுகள். செம்மறி வளர்க்க நிலம் வேண்டுமென்று நிலக்காரன் எல்லோரையும் கடற்கரைப் பாறைக்குத் துரத்திவிட்டான்" என்றீர்கள். நீங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திய கதை. ஆனாலும் எந்தச் சுவர் யாருடையது என்று பெயர் பெயராகச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இராணுவ வேலிக்குள் போய்விட்ட எங்கள் வீட்டைப் பற்றி அன்றுதான் உங்களிடம் கதைத்தேன்.

"கூரை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"தெரியாது."

பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு முதலில் தேநீர் ஊற்றினீர்கள்.

அங்கே எங்களுக்கு மூன்றாவது மாரி. அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகள் ஒக்லாந்திலிருந்து வந்து சேர்ந்தாள். தூக்குவதற்கு உறவென்று ஓர் ஆண்கூட இல்லையே என்ற யோசனையிலேயே எனக்கு விடிந்தது. கதவைத் திறந்தால் ஊர் ஆண்கள் எல்லோரும் மழைக்குள் இரண்டு வரிசையாக நின்றார்கள். பெட்டியைப் பாடையில் வைத்து, ஆளுக்குக் கொஞ்சத் தூரம் சுமந்து, அடுத்தவருக்கு விட்டு விலகி, அவரைக் கொண்டுபோனார்கள். சவவண்டி சந்தியில் நின்றது. தகனத்துக்குக் கப்பலேறி மறுகரைக்குப் போகவேண்டும்.

ஊர் எல்லையில் அந்தச் சின்னப் பாலம். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. எங்கள் ஊரிலும் பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். அதனால் யாரும் சொல்லாமலே நானும் நின்றேன்.

நீங்கள் நிற்கவில்லை.

"இந்தப் பாலத்தில் நின்று அப்பாவை அனுப்பினேன். புருஷனை அனுப்பினேன். இனி நிற்க மாட்டேன். வாருங்கள்."

என் ஒரு கையில் நீங்கள், மறுகையில் மகள். முன்னால் போன கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார். வண்டியடியில் ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். என் கையை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தவர் நீங்கள்தான்.

அடக்கம் முடிந்து உங்கள் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அம்மாவைப் பெண்களும் சுமந்தோம். கல்லறைவரை போனோம்" என்றார். பாரமாக இருந்ததா என்று கேட்டேன். "நினைத்ததைவிட" என்று சொல்லி அழுதார். உலகத்தின் இந்தக் கோடியில் போனைப் பிடித்தபடி நின்றேன். நாலடியாவது உங்களைச் சுமக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று பின்னேரம் என் மகள் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கேட்டுவிட்டேன்.

"நான் போனால் நீயும் ஒரு பக்கம் தூக்கவேணும்."

"ஏனம்மா இப்ப அந்தக் கதை?"

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓம் அம்மா. தூக்குவன்."