வாயைத் திறந்தபடி

1997 பெப்ரவரி 12, புதன் இரவு

அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் ரோச் லைற் பிடித்து எழுதுகிறேன்.

இன்று வகுப்பில் தெரேசா தன் ஊரைப் பற்றிப் பேசினாள். அங்கோலாவில் ஹுவாம்போ, ஒரு மாகாணத் தலைநகர். சண்டையில் இடிந்த நகரம் இப்போது சனம் நிரம்பி மளமளவென்று வளர்கிறதாம். ரீச்சர் உலகப்படம் எடுக்க வெளியே போனார். உடனே கெவின் "பொம்ப்!" என்று கத்தி, தான் இருந்த இரும்புக் கதிரையைத் தூக்கித் தரையில் அடித்தான்.

நான் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். பக்கத்தில் தெரேசாவும் கிடந்தாள், காதைப் பொத்தி, வாயை ஆவென்று திறந்தபடி. ஷெல் விழும்போது காது வெடிக்காமலிருக்க அம்மா எனக்குப் பழக்கியதும் அதேதான்.

"இரண்டு தவளைகள்!" என்று கெவின் சிரித்தான். தெரேசா எழும்பி அதே கதிரையால் அவன் முகத்தில் அடித்தாள். ஒரு பல் இரத்தத்தோடு என் சப்பாத்தருகே விழுந்தது. அவள் மறுபடியும் ஓங்கினாள். எனக்கு அது பிடித்திருந்தது.

அவள் காரணமில்லாமல் அடித்தாள் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவளைப் பள்ளியிலிருந்து நீக்கப்போகிறார்கள். நாளை பள்ளி அதிபர் என்னைக் கூப்பிட்டு நடந்ததைக் கேட்பார்.

அம்மாவிடம் சொன்னேன்.

"எங்கடை அகதி கேஸ் இன்னும் முடியேல்லை, பிள்ளை. பொலிஸ் எண்டு வந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். நீ வாயைத் திறக்காதை."

"நீங்கள்தானே திறக்கச் சொன்னனீங்கள்?"

"அது ஷெல்லுக்கடி!"

வாயை இறுக மூடிக்கொண்டு படுத்துப் பார்த்தேன். காது வலிக்கிறது.