பத்து வீட்டுத் தாள்கள்

போனக்காடு
புதன்கிழமை

அன்புள்ள பொன்செல்விக்கு,

இங்கே நானும் நம் பிள்ளை ஸ்நேகாவும் நலம். நீ ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதைப் போனில் சொல்ல இங்கே ரேஞ்சும் இல்லை, எனக்குத் தைரியமும் இல்லை. அதனால் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. எம்.ஏ.யில் ஆராய்ச்சி முறைப் பாடம் தொடங்குமுன் நடக்கும் பயிற்சி வகுப்பில், முப்பத்தெட்டு வயதில் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்த உன்னை ஹரிநாராயணன் சார் பெயர் சொல்லிப் பாராட்டினார் என்று எழுதியிருந்தாய். வீடு வீடாகக் கேட்டு எழுதச் சொல்லி நீ கொடுத்து, நான் நிரப்பி அனுப்பிய பத்து வீட்டுத் தாள்களையும் திங்கட்கிழமை நீயே விளக்க வேண்டுமாமே. அதற்குள் சொல்லிவிடுகிறேன். அவற்றை நான் எந்த வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து பத்தையும் நானே எழுதினேன். பேனாவை வேறு மாற்றி மாற்றி எழுதினேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற சனம், கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ற நினைப்பு. 'வீட்டில் குறை உண்டா, உண்டென்றால் என்ன' என்ற கடைசிக் கேள்விக்குப் பத்திலும் கூரை ஒழுகுகிறது என்றே இருப்பது அதனால்தான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நேற்றும் முந்தாநாளும் கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு எஸ்டேட் லயத்தில் வரிசையாக வீடு வீடாகப் போனேன். பேச்சி மதினி கூரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. குளிமுறிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வயசுப்பிள்ளையை வைத்துக்கொண்டு பயமாக இருக்கிறது என்றார். தினமும் என்னோடு சீட்டாடும் செல்வமணிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதாம். இத்தனை வருஷமும் விதுரா பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்க்காமல், தெரிந்த கண்டக்டர் முகத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறானாம். "இத நீ இப்பதானடே கேக்க" என்றான்.

புதுத் தாள்கள் உள்ளே இருக்கின்றன. சாரிடம் உள்ளதைச் சொல். என் வீட்டுக்காரர் செய்த தப்பு என்று சொல். உனக்கு வகுப்பில் தலைகுனிவுதான், தெரிகிறது. அதற்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடாதே. அந்தப் பாடம் உனக்கு நன்றாக வரும்.

பத்தாவது தாள் நம் வீடு. குறை உண்டா என்ற இடத்தில் உண்டு என்று எழுதியிருக்கிறேன். என்ன குறை என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தெரிந்ததுதானே என்று நீயாக நிரப்பிவிடாதே. ஓணம் லீவுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, என்னிடம் கேட்டு எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
வன்னியராஜ்