மீன்குழம்பின் மேல் போட்ட பழி

கமரு,

நீ தொழுது முடிப்பதற்குள் நம் மகனோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். டியூப் விட்டுப் பார்த்த ரிசல்ட்டில் ஒன்றுமில்லை என்று சொன்னது பொய். உணவுக்குழாயில் புற்றுநோய். பயப்படாதே, குழாயின் உள்தோலோடுதான் நிற்கிறதாம்; கத்தி வைக்காமல் வாய்வழியாக டியூப் விட்டே இன்று எடுத்துவிடுவார்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ஆறு மாதம் உன் மீன்குழம்பைத்தான் திட்டினேன். "டியூப் விட்டுப் பாத்துடலாம், வாங்க மச்சான்" என்று நீ இழுத்துப் போனபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன். பெரிய வைத்தியர் நான்! நேரில் சொல்லத் தைரியமில்லாமல் சீட்டு எழுதுகிறேன்.

சாவி மீட்டர் பெட்டி மேல். வஞ்சிரத்தை எனக்கு எடுத்து வைக்காதே, ஒரு வாரம் கஞ்சிதானாம்.

உன் மச்சான்
கபீர்

இன்னொன்று: "இவ்வளவு ஆரம்பத்துலயே யாரும் வர்றதில்லையே, யாரு கூட்டிட்டு வந்தாங்க?" என்று ரிசல்ட் வாங்கப் போனபோது டாக்டர் கேட்டார். நானாகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன். மயக்க ஊசி போடுவதற்குள் உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.