கருப்புத் திராட்சையின் வெள்ளைச் சாறு

1978 நவம்பர் 20, திங்கள்

காலையிலிருந்து தூறல். மேகம் இறங்கி மலையே தெரியவில்லை. பாப்பாவின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டியாயிற்று. எல்லாவற்றிலும் புகை வாசம்.

பத்து மாதம் முடிந்தும் தாய்ப்பால் தவிர எதையும் விழுங்க மாட்டேன் என்கிறாள். கேப்பைக் கூழ், துப்பினாள். பருப்புச் சாதம், துப்பினாள். டாக்டர் சொன்ன திராட்சைச் சாறு, உப்புத் தண்ணீரில் கழுவி, வேகவைத்து, வடிகட்டி. முகத்தைச் சுளித்து ஒரே அழுகை. போன வாரம் டாக்டர் எடை பார்த்து அட்டையில் எழுதினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த எடை சனிக்கிழமை, தேனியில்.

இவர் ஏலக்காய்க் கடையிலிருந்து வந்ததும்: "வெயாழக்கெழம ஒரு வெள்ளக்காரர் சாப்பிட வர்றாரு. கிரேக்க நாடாம். நம்ம காய் பாக்கணுங்கறாரு. நீதான் இங்கிலீசு பேசணும்."

நான் படித்தது கெமிஸ்ட்ரி என்றேன்.

"அத இங்கிலீசுலதான படிச்ச?"

21, செவ்வாய்

மழை விட்டது. ஈக்கள்.

விருந்தாளி வருமுன் அவருடைய பாட்டில் வந்துவிட்டது, ஜீப்பில், வைக்கோல் சுற்றி. மதுவிலக்குக்குப் பர்மிட் வைத்திருக்கிறாராம், பயப்பட வேண்டாமாம். எனக்குப் பயம்தான். குளிர வைக்கச் சொல்லியிருக்கிறார். அவர் தம்பி சொந்தத் தோட்டத்தில் செய்தது. கருப்புத் திராட்சையில் செய்த வெள்ளை ஒயின்.

அத்தை பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கருப்புல எப்புடிடா வெள்ள வரும், அப்பு?"

"நம்ம காய வெளுக்குற மாதிரித்தாம்மா. கந்தகப் பொகை போட்ருப்பான்."

எனக்கும் சரியென்று பட்டது. கந்தகப் புகை நிறத்தை எடுக்கும், கல்லூரியில் ரோஜா இதழை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள். சொன்னேன். "பாத்தியா, படிச்ச புள்ளயே சொல்லிருச்சு" என்றார் இவர். இந்த வீட்டில் ஏலக்காய்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

பாட்டிலைக் கிணற்றில் கயிறு கட்டி இறக்கலாம் என்றார் இவர். அத்தை விடவில்லை. "குடிக்கிற தண்ணிக்குள்ளயா? நல்லாருக்கு சோலி." கடைசியில் ஓட்டைப் பானை, ஈர மணல், மேலே நனைத்த சாக்கு. பாப்பாவின் தொட்டிலுக்குப் பக்கத்து மூலையில். வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான்.

பாப்பா இன்று: வாழைப்பழம், துப்பினாள்.

22, புதன்

என்ன சமைப்பது. மீனும் எலுமிச்சையும் இந்த ஒயினுக்கு ஒத்துப்போகும், காரம் வேண்டாம் என்று வெள்ளைக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார். காரம் இல்லாமல் விருந்தா என்று அத்தைக்கு வருத்தம். ஆட்டுக்கறிக் குழம்பு அவர் பொறுப்பு, யாரும் வாய் திறக்கக் கூடாது.

வாங்க வேண்டியது: வைகை அணைக் கெண்டை, எலுமிச்சை, கோழி, உளுந்து, தலை வாழை இலை, கம்பம் பன்னீர்த் திராட்சை.

பாப்பாவின் மணிக்கட்டு மெலிந்தமாதிரி இருக்கிறது. இவரிடம் காட்டினேன். "அதே கைதான்" என்கிறார்.

23, வியாழன்

வந்து போய்விட்டார். ஐம்பது வயதிருக்கும், தடித்த மீசை. பச்சைக் காயைக் கையில் தேய்த்து முகர்ந்தார், பிடித்துவிட்டது. கூடத்தில் சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டார்.

மறக்குமுன்: கெண்டை வறுவலில் எலுமிச்சை பிழிந்து, ஒரு வாய் மீன், ஒரு வாய் ஒயின். இதுதான் ஜோடி என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். உளுந்த வடையும் சரி, எண்ணெயை ஒயின் கழுவிவிடுமாம். மிளகுக் கோழி, மிளகு பாதி போதும். அத்தையின் குழம்பு அருமை, ஆனால் காரத்தில் ஒயின் ருசி செத்துவிட்டது என்றார். முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன். ஊறுகாய்க்குத் தண்ணீர் கேட்டார்.

நான் முகர்ந்ததோடு சரி, பால் கொடுக்கிறவள். எலுமிச்சைத் தோல், மழையில் நனைந்த கல். இவர் மரியாதைக்கு அரை டம்ளர் குடித்தார். "புளிச்ச மோராட்டம் இருக்கு." உள்ளேயிருந்து அத்தை: "அப்பு, அதோட நிறுத்திக்க."

பிறகு இவர், "எத்தன மணி நேரம் பொகை போட்டாங்கன்னு கேளு."

கேட்டேன். வெள்ளைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். அப்புறம் சிரித்தார், தம்பி காதில் விழுந்தால் அரிவாளோடு வருவானாம். தட்டிலிருந்து ஒரு பன்னீர்த் திராட்சையை எடுத்து இலையோரத்தில் பிதுக்கினார். கருப்புத் தோல் விரலில் நின்றது. விழுந்த சொட்டில் நிறமே இல்லை.

நிறம் தோலில்தான் இருக்கிறதாம். விடியற்காலைக் குளிரில் பறித்து, அழுத்தாமல் பிழிந்து, உடனே தோலைப் பிரித்துவிட வேண்டும். தோலோடு கிடந்தால் கருப்பும் இறங்கும், துவர்ப்பும் இறங்கும். அந்தத் திராட்சையின் பெயர் ஷினோமாவ்ரோ. புளிப்புக் கருப்பு என்று அர்த்தமாம்.

இவருக்குச் சொன்னேன். இவர் ஒரு பழத்தைப் பிதுக்கிப் பார்த்தார். இன்னொன்று. "அட."

கதவோரம் நின்ற அத்தை இலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏத்தா, நாம தோலோட வேகவச்சுல்ல புள்ளைக்குக் குடுத்தோம்?"

24, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

காலையில் நான்கு பழம். தோல் பிதுக்கி, விதை எடுத்து, கரண்டியால் மசித்து. வேகவைக்கவில்லை. கிருமி, வயிற்றுப்போக்கு என்று என்னென்னவோ பயம். நாக்கில் தொட்டு வைத்தேன். சுளிக்கவில்லை. நாக்கால் தேடினாள்.

மத்தியானம் அத்தை அதில் குழைத்த தயிர்ச்சாதம் கொஞ்சம் கலந்தார். பாதி உள்ளே, பாதி மோவாயில்.

"வெரசா ஊட்டாத. அவ தம்போக்குல திங்கட்டும்."

ஒருநாள் கூத்தாகவும் இருக்கலாம்.

25, சனி

தேனி. டாக்டரிடம் கூட்டம். எடை கூடவில்லை, குறையவும் இல்லை. அவர் மறுபடி எழுதினார்.

திரும்பும் பஸ்சில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் கிண்ணம். பழம் தீர்ந்து, அடியில் சாதம் மட்டும். கரண்டியை எடுக்குமுன்பே வாயைத் திறந்தாள். வேறு வழியில்லை, வெறும் சாதத்தை வைத்தேன்.

விழுங்கினாள்.