ஒரே இடத்தில் விழுந்த ஒளி

டிசம்பர் 12, 06:15 (உலக நேரம்)

இந்தத் திரையில் நிலவரம் மட்டுமே எழுத வேண்டும். இடையிடையே சொந்தக் கதையும் வரும், மன்னிக்கவும். பேச ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

மாரீஸ்வரி, அதிர்வுப் பிரிவு. நிலாவின் பூமியைப் பார்த்த பக்கத்தில், இப்போது இரவாக உள்ள பகுதியில் ஒற்றை ஆள் கூடாரம். முதன்மை நிலையம் வண்டியில் மூன்று மணி நேரம். ஜெமினிட் விண்கல் மழை தொடங்கிவிட்டது. பூமியில் அது வானத்தில் கோடு கிழிக்கும். இங்கே காற்று இல்லை. கல் நேராகத் தரையில் மோதும். மோதிய இடத்தில் ஒரு கணம் ஒளி தெறிக்கும். லடாக், நமீபியா, சிலி என்று எங்கே நிலா தெரிகிறதோ அங்கிருந்து அதைப் படம் பிடிக்கிறார்கள். நான் அதிர்வைப் பதிந்து ஒப்பிடுகிறேன்.

வழக்கப்படி, கல் படாமலிருக்கப் பேசும் ஆண்டெனாவை மடக்கிவிட்டேன். மழை முடியும்வரை கேட்கலாம், பேச முடியாது. அதுவரை என் மௌனத்துக்கு நலம் என்று பொருள்.

லடாக்கில் படம் பிடிக்கும் ஜெபசிங் அண்ணன், ரேடியோவில்: “மாரீஸ், நாலு நாளைக்கு ஒன் வாய்க்குப் பூட்டு. நீ வழக்கமா பேசுறதுல ஒண்ணும் கொறஞ்சிராதுல்லா?”

தனியாகச் சிரித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, கடைசி பெஞ்சில் வாய் திறக்காமலே பட்டம் வாங்கியவள்.

உள்ளே வருகிறவர் முதலில் கதவோரம் உள்ள இந்தத் திரையைப் படித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அது விதி. மின்சாரம் போனாலும் இதில் எழுதலாம், எழுத்து நிற்கும்.

டிசம்பர் 13, 21:02

அடி விழுந்தது. வெளியே இருந்த மின்கலப் பெட்டி போய்விட்டது. ஆண்டெனாவை விரிக்கும் மோட்டாரும் அதோடு போயிற்று. கதவுச் சட்டம் வளைந்திருக்கிறது. தோளால் இடித்தேன், நெம்பினேன். அசையவில்லை.

உள்ளே ஒரு சிறிய மின்கலம் இருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்யும் விசிறி அதில்தான் ஓடுகிறது. மழை முடிய இன்னும் இரண்டு நாள். கலம் அதுவரை தாங்காது.

ஜெபசிங் அண்ணன்: “ஒன் பக்கத்துல பெருசா ஒண்ணு விழுந்துருக்கே. கூடாரமே ஆடியிருக்கும். கணக்குல வச்சிக்க.”

வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 14, 01:20

கூரையில் பூமியின் தூரத்தை அளக்கும் லேசர் இருக்கிறது. அடித்தால் பூமியில் ஒரு கணம் தெரியும். ஒவ்வொரு அடியும் விசிறியின் பங்கைத் தின்கிறது. இப்போது சிலி பார்க்கும் நேரம். அடித்தேன். கலம் தேறும்வரை காத்திருந்து மறுபடி அடித்தேன். இன்னொரு முறையும்.

டிசம்பர் 14, 12:40

ஜெபசிங் அண்ணன்: “சிலிக்காரங்க பாடு ஒரே சிரிப்பு. ஒரே எடத்துல மூணு வாட்டி ஒளி வந்துச்சாம். கல்லுக்கு அங்க என்ன மாமியார் வீடா, போய்ப் போய் விழ? கேமரா கோளாறுன்னு தூக்கிப் போட்டாச்சு.”

அதுதான் முறை. நானாக இருந்தாலும் தூக்கித்தான் போட்டிருப்பேன்.

டிசம்பர் 14, 15:30

ஒரு கேமரா கெடலாம். இரண்டு கண்டங்களில் உள்ள இரண்டு கேமராக்கள் ஒரே புள்ளியில் கெடாது. லடாக்கில் நிலா மறைவதற்குள் நமீபியாவில் இருட்டிவிடும். கொஞ்ச நேரம் இருவர் கண்ணும் என் மேல் இருக்கும். அதுவரை லேசரைத் தொட மாட்டேன். விசிறியைக் குறைத்துவிட்டேன்.

தலை கனக்கிறது. சுவர்கள் கிட்டே வந்துவிட்டதுபோல் இருக்கிறது. அளந்து பார்த்தேன். வரவில்லை.

டிசம்பர் 14, 18:10

விசிறியை நிறுத்தினேன். மொத்தமும் லேசருக்கு.

அடித்தேன். அடித்தேன்.

மறுபடியும்.

ஜெபசிங் அண்ணன்: “சிலிக்காரன் கோளாறு நமக்கும் ஒட்டிக்கிச்சு. அதே எடம். இரு, நமீபியா கூப்புடுது... அங்கயும் தெரியுதா? அதே எடத்துலயா? அங்க என்ன இருக்கு, படத்தக் காட்டு. ஏ, அது நம்ம மாரீஸ் கூடாரம்லா. நிலையத்துக்கு யாராவது”

கலம் தீர்ந்தது. ரேடியோவும் நின்றுவிட்டது.

டிசம்பர் 14, 18:50

விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டேன். அதில் காற்று மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வண்டி இப்போதுதான் கிளம்பியிருந்தால் வர மூன்று மணி நேரம். அசையாமல் கிடந்தால் கொஞ்சம் நீளும். கையுறையோடு எழுத்து சரியாக விழவில்லை.

லேசர் ஒளிகளை விண்கல் கணக்கில் சேர்க்க வேண்டாம். சிலியின் கேமராவில் பழுதில்லை. அவர்களிடம் சொல்லிவிடவும்.

ஒன்று கேட்க வேண்டும். முதல் வரியிலேயே கேட்டிருக்கலாம். அங்கே மன்னிப்பு எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதை மேலே போய்த் திருத்த இந்தத் திரை விடாது.

படித்தது போதும். கதவை வெட்டித்தான் வருவீர்கள் என்று பின்னால் சாமான் அறையில் படுத்திருப்பேன். இடது மூலை, தரையில். கூப்பிட்டுப் பார்த்து, பதில் வரவில்லையே என்று நிற்காதீர்கள். நான் எப்போதுமே பதில் சொல்லத் தாமதிப்பவள். காற்றுக் குழாயை என் உடுப்பில் மாட்டுங்கள்.

ஓடுங்க.