ஒன்பதாம் தொட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

கண்ணு,

இன்று காலையில் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். சொம்பு முழுக்கப் பளபளவென்று ஆகிவிட்டது. கழுத்துப் பக்கம் நீ ஆணியால் கீறிய 640 மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும், எண் மட்டும் சட்டென்று வந்துவிடும். அதனால்தான் தொட்டி நிறுக்கிற வேலையை என்னிடம் கொடுத்தாய்.

பன்னிரண்டு தொட்டிகளைக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் வெயிலில் வரிசையாக வைத்தாய். கல்வராயன் மலையிலிருந்து வாங்கிவந்த சோளத்தை விதைத்தாய். பயிர் இடுப்பளவு வளர்ந்ததும் எல்லாத் தொட்டிக்கும் நிறையத் தண்ணீர் விட்டு, மண் தெரியாமல் கறுப்புக் காகிதத்தைச் சுற்றிக் கட்டினாய். அதற்கப்புறம் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது என்றாய். தினமும் விடிந்ததும் தொட்டிகளை எடை மெஷினில் ஏற்றி, எண்ணை உனக்குப் போனில் சொல்ல வேண்டும். வெயில் குடிக்க வழியில்லை, எடை குறைந்தால் அது செடி குடித்ததுதான். காய்கிற மண்ணில் செடி எப்படித் தண்ணீரைச் செலவு செய்கிறது என்று அதை வைத்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாய். அதுதான் உன் படிப்பு.

"தண்ணி தீந்தப்புறம் வாடுதுன்னு நெனச்சிக்கினு இருக்கமே, அப்டி இல்லம்மா. தீர்றதுக்கு முன்னாடியே செடிக்குத் தெரிஞ்சிடும். வாயக் கட்டிக்கும். எந்த நாள் கட்டுதுன்னுதான் பாக்குறேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு கம்ப்யூட்டரு?"

"நீயும் அந்த ஜாதிதாம்மா. அரிசி கால் மூட்டைக்கு வந்தாலே உனக்கு ராத்திரி பசிக்காது. உனக்கும் ஒரு கணக்கு போடணும்."

சிரித்துவிட்டு காலேஜுக்கு பஸ் ஏறிப் போனாய். கவனித்திருக்கிறாயே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஒன்பதாம் தொட்டி மற்றதற்கு முந்திக் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டியது. இலையெல்லாம் சுருட்டிக்கொண்டு, வயிறு மட்டும் உப்பி நின்றது. சூல் பயிரைக் காயவிட மாட்டார்கள் நம் பக்கத்தில். அடுத்தவன் வயலாக இருந்தாலும் மடையைத் திறந்துவிட்டுத்தான் போவார்கள். இரண்டு நாள் பார்க்காததுபோல் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் காகிதத்தை அவிழ்த்து ஒரு சொம்பு ஊற்றி, திரும்பக் கட்டிவிட்டேன். சத்தியமாக மனசு கேட்கவில்லை, கண்ணு.

மறுநாள் எண்ணைச் சொன்னதும் இன்னொருவாட்டி சொல்லச் சொன்னாய்.

"எம்மா, ஒம்பது கொறையணும். ஏறியிருக்கு. சரியா பாத்தியா?"

"பாத்தேன். மெஷின்ல இன்னா கோளாறோ."

நீ என்னை நம்பினாய். அதுதான் கஷ்டமாக இருந்தது. மெஷின் பழுது என்றால் எந்த எண்ணையுமே நம்ப முடியாதாம். பன்னிரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து விதைக்கணும், ஒரு பருவம் போச்சு என்று அதற்கு மூன்றாம் நாள் சொன்னபோது உன் குரல் உடைந்துபோயிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நாந்தான் ஊத்திட்டேன் கண்ணு. அது புள்ளத்தாச்சி மாதிரி நின்னுது."

"எம்மா!" என்று கத்தினாய். அப்புறம் கேட்டாய், "எவ்ளோ ஊத்தின?"

"ஒரு சொம்பு."

"எந்த சொம்பு?"

"பித்தளது."

"அத வெறும் சொம்பா ஒருவாட்டி நிறு. தண்ணியோட ஒருவாட்டி நிறு. போன வெக்காத, நான் இருக்கேன்."

நிறுத்தேன். தண்ணீர் மட்டும் அறுநூற்று நாற்பது கிராம். அதைக் கழித்தவுடன் உன் கம்ப்யூட்டரில் எடைக்கோடு இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கிவிட்டதாம். "ஊத்துறதுனா ஊத்திக்கோ, நிறுத்துட்டு ஊத்து. சொல்லிட்டா கழிச்சிக்கலாம். சொல்லாததத்தான் கழிக்க முடியாது" என்றாய். அந்த வாரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆணியை எடுத்துச் சொம்பில் கீறினாய். "உன் பாசத்தோட எடைம்மா இது, ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்.

அதற்கடுத்த மாதம்தான் வயிற்று வலி என்று படுத்தாய். குடல் ஓட்டையாகிவிட்டது, உடனே ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக்கூடாது, பஞ்சை நனைத்து உதட்டில் தடவலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். என் கையில் பாட்டில் இருந்தது.

"ஒரே ஒரு வாய்மா."

"கூடாதாம் கண்ணு."

"ஒம்பதாம் தொட்டிக்கு மட்டும் திருட்டுத்தனமா ஊத்தின. எனக்கு ரூல்ஸா?"

சிரிக்கப் பார்த்தாய். உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. நான் பஞ்சைத்தான் நனைத்தேன். அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள். நீ அதற்கப்புறம் கண் திறக்கவில்லை.

நர்ஸ் சொன்னது சரிதான். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிருக்கு மனசு கேட்காமல் ஊற்றிய கை, உனக்கு ஊற்றவில்லை. வாய்க்கரிசி போடும்போதும் அந்த உதடு வெடித்தபடியேதான் இருந்தது.

உன் கூடப் படித்த பெண்கள் வந்து நோட்டையும் மெஷினையும் வாங்கிப் போனார்கள். கணக்கை அவர்கள் முடித்துவிடுவார்களாம். தொட்டிகளை எடுக்கவில்லை. ஒன்பதாவது கதிர் விட்டது, கண்ணு. அந்தச் சோளத்தையே இந்த வருஷம் பன்னிரண்டிலும் போட்டு, நீ செய்த மாதிரியே காகிதம் கட்டியிருக்கிறேன். விடிந்ததும் எழுந்துவிடுகிறேன். போன் அடிக்காது என்று தெரியும், இருந்தாலும் இடுப்பில் செருகிக்கொண்டுதான் பின்பக்கம் போகிறேன். மலைப் பக்கம் மேகம் நிற்கிறது, இங்கே வருவதில்லை. பேச ஆள் இல்லாமல் சில நாள் சாயங்காலம் வரைக்கும் என் குரலே எனக்குக் கேட்பதில்லை.

இன்று ஒன்பதாவது இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. சொம்பில் மொண்டு போய், காகிதத்தை அவிழ்த்து, ஊற்றுவதற்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னேன்.

"ஒம்பதாம் தொட்டி. அறுநூத்தி நாப்பது. கழிச்சிக்கோ கண்ணு."